எட்டாத சிகரத்துக்கு ஒரு குறிப்பு: இடம், உயரம், பாறை, பெயர் நான்கையும் சரிபார்த்து எழுதும் முறை

ஒரு சிகரத்தைப் பற்றிக் குறிப்பு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயரைத் தேடுபொறியில் தட்டி, முதலில் வந்த உயரத்தை எடுத்து, "கிரானைட் பாறையால் ஆனது" என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. ஊரும் பாதையும் உள்ள மலைக்கு இது ஓரளவு ஒப்பேறும். ஆள் நடமாட்டமில்லாத சிகரத்தில் இந்த வரிசை காலை வாரிவிடும். அங்கே பெயர் ஓரிடத்தில் நிற்காது, பக்கத்து உச்சிக்குத் தாவிவிடும். அதனால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் புள்ளி, அடுத்து உயரம், அப்புறம் பாறை. பெயர் கடைசியில்.

எவரெஸ்டுக்கே இது நடந்திருக்கிறது. 1850-களில் ஹெர்மான் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானியர், தான் பார்த்த ஓர் உச்சிதான் இந்திய நில அளவைத் துறையின் 15-ஆம் எண் சிகரம் (எவரெஸ்டுக்கு அப்போதிருந்த குறியீடு) என்று முடிவு கட்டி, அதன் உள்ளூர்ப் பெயர் கௌரிசங்கர் என்று எழுதினார். பெயர் உண்மையானதுதான், ஆனால் அது வேறு மலைக்கு உரியது. 1903-இல் ஹென்றி வுட் நேபாளத்துக்குப் போய் அளந்து பார்த்த பிறகே இரண்டும் வேறு வேறு, நடுவில் 58 கி.மீ. இருக்கிறது என்பது உறுதியானது. அதுவரை ஜெர்மன் வரைபடங்கள் எவரெஸ்டைக் கௌரிசங்கர் என்றே அச்சடித்துக்கொண்டிருந்தன.

புள்ளியைக் குறித்தல்

மூன்றை ஒன்றாக விரியுங்கள்: சமஉயரக் கோடுகள் உள்ள நில வரைபடம், செயற்கைக்கோள் படம், எண்முறை உயரத் தரவு (நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உயர எண் கொடுப்பது). மூன்றையும் க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மூன்றிலும் உச்சி ஏறக்குறைய ஒரே இடத்தில் விழ வேண்டும். 50 மீட்டர் விலகினால் பயப்பட வேண்டாம், செங்குத்தான மலைகளில் செயற்கைக்கோள் படம் உச்சியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டுவது இயல்பு. 500 மீட்டர் விலகினால் நீங்கள் பார்ப்பது இரண்டு வேறு உச்சிகள்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு பாகை, நிமிடம், நொடியைத் தசமம் என்று வாசிப்பது. எவரெஸ்டின் அட்சரேகை 27°59′17″. தசமத்தில் இது 27.988. அவசரத்தில் 27.5917 என்று எழுதினால் உச்சி தெற்கே 44 கி.மீ. தள்ளிப் போய்விடும். 59-ஐ 60-ஆலும் 17-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். தசமத்தில் நான்கு இலக்கம் போதும். நான்காவது இலக்கம் சுமார் 11 மீட்டரைக் குறிக்கும், அதற்கு மேல் எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டும் பாவனை.

பழைய தாள் வரைபடமாக இருந்தால் எந்த நீள்கோளத்தின்மேல் (பூமியின் வடிவத்துக்கு வைத்துக்கொண்ட கணித மாதிரி) வரைந்தது என்று ஓரத்தில் பாருங்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய தாள்களில் 'எவரெஸ்ட் 1830' என்றிருக்கும். அந்த ஆயத்தொலைகளை ஜிபிஎஸ் பயன்படுத்தும் இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 முறையில் அப்படியே போட்டால் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் வரை நகரும். (மலையைவிட இந்த நீள்கோளத்துக்குத்தான் நில அளவைத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் பொருந்துகிறது, அது அவர் கணக்கிட்டது.)

கண்ணை ஏமாற்றும் இன்னொன்று நிழல். வட அரைக்கோளப் படங்களில் வெயில் தெற்கிலிருந்து விழுவதால் முகடு பள்ளமாகவும் பள்ளம் முகடாகவும் தெரியும். சந்தேகம் வந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நதியும் பனியாறும் முகட்டின் மேல் ஓடுவதுபோலத் தெரிந்தால் ஏமாந்திருக்கிறீர்கள்.

உயரம்: எந்தச் சுழியிலிருந்து, எந்த ஆண்டில்

உயரம் என்று ஒரே எண் கிடையாது. ஜிபிஎஸ் கருவி முதலில் கணக்கிடுவது, கணிதமாக வரையறுத்த நீள்கோளத்திலிருந்து உள்ள உயரத்தை. நமக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து, அதாவது புவியீர்ப்பால் மேடுபள்ளமான ஜியாய்டு பரப்பிலிருந்து. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உலகத்திலேயே பெரிய ஜியாய்டுப் பள்ளம் இருக்கிறது. அங்கே கடலில் நிற்கும் கப்பலில் திருத்தாத ஜிபிஎஸ் சுமார் −106 மீ. என்று காட்டும். கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் பொதுவாக இதைத் திருத்தியே காட்டுகின்றன, கைபேசிச் செயலிகளில் பல திருத்துவதில்லை. எந்த எண்ணை எடுத்தாலும் அது எதிலிருந்து அளந்தது என்று கேளுங்கள்.

இலவச உயரத் தரவில் எல்லோரும் எடுப்பது எஸ்ஆர்டிஎம். பிப்ரவரி 2000-இல் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்தது, வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை மட்டும். அலாஸ்காவின் வடபகுதிக்கோ அண்டார்க்டிக்காவுக்கோ அதில் தேடாதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்நிகஸ் 30 மீ. தரவை எடுங்கள். எதை எடுத்தாலும் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம். கத்தி முனைபோன்ற உச்சி அந்தக் கட்டத்துக்குள் சுற்றுச் சரிவுகளோடு சராசரியாகிவிடும். ஆகவே கூரான சிகரங்களில் தரவு பத்து இருபது மீட்டர் குறைத்துக் காட்டும், சில இடங்களில் அதற்கும் மேல். ரேடார் எட்டாத செங்குத்துச் சுவர்களில் வெற்றிடம் இருக்கும். அதைப் பின்னால் யாரோ ஊகித்து நிரப்பியிருப்பார்கள், அந்த எண் வழவழப்பாக, சந்தேகப்படும்படி ஒழுங்காக இருக்கும்.

நேரில் பார்க்கும் வாய்ப்பிருந்தால் தூரத்திலிருந்து கோணம் எடுத்தும் கணக்கிடலாம். 2,400 மீ. உயரத்தில் நிற்கிறீர்கள், உச்சி 40 கி.மீ. தொலைவில், ஏற்றக்கோணம் 4°30′ என்று வையுங்கள். 40,000 மீட்டரை டான் 4.5°-ஆல் (0.0787) பெருக்கினால் 3,148 மீ. பூமியின் வளைவும் காற்றின் ஒளிவிலகலும் சேர்ந்த திருத்தம்: தூரத்தைக் கிலோமீட்டரில் வர்க்கப்படுத்தி 0.067-ஆல் பெருக்க வேண்டும், 1,600 × 0.067 = 107 மீ. மூன்றையும் கூட்டினால் 5,655 மீ. கோணத்தில் ஒரே ஒரு நிமிடம் பிசகினால் 12 மீ. மாறிவிடும். நண்பகலில் வெப்ப அலைகள் உச்சியை ஆட்டும், விலகலும் நேரத்துக்கு நேரம் மாறும். எனவே வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துச் சராசரி பாருங்கள். 15-ஆம் எண் சிகரத்தைச் சமவெளியிலிருந்து 170 கி.மீ. தொலைவில் பார்த்து அளந்தபோது வளைவு மட்டுமே 2,200 மீட்டருக்கு மேல் மறைத்தது. நில அளவைத் துறையின் கணக்காளர் ராதாநாத் சிக்தார் கணக்கிட்ட உயரம் 1856-இல் 29,002 அடி என்று வெளியானது, 2020-இன் 8,848.86 மீட்டருக்கு ஒன்பது மீட்டர்தான் குறைவு. அந்தத் திருத்தங்களை அவர்கள் எவ்வளவு பொறுமையாகப் போட்டிருக்கிறார்கள் என்று இதில் தெரியும்.

காற்றழுத்த உயரமானி ஒப்பீட்டுக்கு மட்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரம் சுமார் 8 மீ. மாறும், 5,000 மீட்டரில் 14 மீ. ஒரே இரவில் வானிலை மாறி, கூடாரம் 70 மீட்டர் "ஏறிவிடும்".

பனியையும் கணக்கில் சேருங்கள். தியான்ஷானில் உள்ள கான் தெங்ரியின் பாறை உச்சி 6,995 மீ., மேலே உள்ள பனியோடு 7,010 மீ. ஏழாயிரம் மீட்டர் சிகரங்களின் பட்டியலில் அது வருமா வராதா என்பதே இதில்தான் இருக்கிறது. ஸ்வீடனின் கெப்னெகைசேயில் பனி மூடிய தென் உச்சி உருகி, 2019-இல் பாறையான வட உச்சியைவிடத் தாழ்ந்துபோனது. நியூசிலாந்தின் ஆவோராக்கி 1991-இல் பாறைச் சரிவில் பத்து மீட்டர் இழந்தது. பின்னால் பனித்தொப்பியும் தேய்ந்து, 2014-இல் அறிவித்த உயரம் 3,724 மீ., பழைய நூல்களில் 3,764. அண்டார்க்டிக்காவின் வின்சன் சிகரத்துக்குப் பழைய உலக வரைபடங்கள் 5,140 மீ. என்று போட்டிருக்கும், 2004-இல் ஜிபிஎஸ் வைத்து அளந்தபோது 4,892. ஆண்டு போடாத உயரத்தை எழுதாமலே விடலாம்.

கடல்மட்ட உயரத்தோடு, அந்த உச்சி சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு தனித்து எழுகிறது என்பதும் வேண்டும். மலையேறிகள் ப்ராமினன்ஸ் என்பது இதைத்தான். கண்டுபிடிக்கும் வழி: வெள்ளம் ஏறுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் சிகரம், அதைவிட உயரமான நிலத்தோடு ஒட்டியிருக்கும் கடைசித் தரைப்பாலம் மூழ்கும் கணத்தில் வெள்ளத்தை நிறுத்துங்கள். அந்தக் கணவாயின் உயரத்தைச் சிகரத்தின் உயரத்திலிருந்து கழித்தால் விடை. சமஉயரக் கோட்டில், உச்சியைச் சுற்றி மூடிக்கொள்ளும் வளையங்களில், உயரமான வேறு உச்சி எதையும் உள்ளே இழுக்காத மிகத் தாழ்ந்த வளையம் வரை இறங்குங்கள். அந்தக் கணவாய் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 8,611 மீ. உயரமுள்ள கே2-வின் கணவாய், நேபாள–திபெத் எல்லையில் கோரா லா அருகே, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் தனியெழுச்சி 4,020 மீ.

பாறை

"இந்த மலையின் வயது என்ன?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை எழுதாதீர்கள். பாறை உருவான காலம், அது நசுங்கி மடிந்த காலம், மேலெழுந்த காலம், இன்றைய வடிவம் செதுக்கப்பட்ட காலம் என்று நான்கு உண்டு. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது ஆர்டோவிசியன் காலத்துச் சுண்ணாம்புக்கல், கடல் உயிரிகளின் எச்சங்களோடு, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதைத் தூக்கிய கண்ட மோதல் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். மூன்று முகப் பிரமிடு வடிவத்தைக் கொடுத்தது, மிகப் பின்னால் வந்த பனியாறுகள். "எவரெஸ்ட் 5 கோடி ஆண்டு பழமையானது" என்று எழுதினால் நான்கும் கலந்துவிடும்.

உச்சியில் உள்ள பாறைதான் மலை முழுவதும் இருக்கும் என்பதும் தவறு. அதே எவரெஸ்டில் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் 'மஞ்சள் பட்டை' என்ற பளிங்குக்கல் அடுக்கு, அதற்கும் கீழே உருமாறிய பாறைகள், அவற்றுக்குள் வெளிறிய கிரானைட் நுழைந்திருக்கிறது. ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்னில் மேல் கூம்பு ஆப்பிரிக்கத் தட்டின் பக்கத்திலிருந்து வந்த நைஸ் என்ற உருமாறிய பாறை, அது உட்கார்ந்திருப்பது மறைந்துபோன கடலின் தரைப் பாறைகள்மேல். கயிலாயத்தைப் பலர் கிரானைட் என்று எழுதிவிடுகிறார்கள். அது கூழாங்கற்கள் இறுகி உண்டான கூட்டுப்பாறை. படுக்கை அடுக்குகள் ஏறக்குறையக் கிடையாக இருப்பதால்தான் தென்முகத்தில் படிக்கட்டு போட்டதுபோல் தெரிகிறது. கிரானைட் கிடப்பது அதற்கு அடியில்.

வேலை செய்யும் முறை இது. அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடத்தை எடுத்து உங்கள் புள்ளியை அதில் வையுங்கள். ஆயத்தொலைவு சரியாக இருந்தால்தான் இது உதவும், ஒரு கிலோமீட்டர் பிசகினால் வேறு நிறத்தில் போய் விழுவீர்கள். வரைபடம் 1:10 லட்சம் அளவில் இருந்தால் உச்சிக்கு என்று அது எதையும் சொல்லவில்லை, சுற்று வட்டாரத்தைத்தான் சொல்கிறது. அப்படியே எழுதுங்கள்.

உச்சிக்கு ஏற முடியாதபோது உச்சியே கீழே இறங்கி வந்திருக்கும். சரிவின் அடியில் குவிந்த கல்லும், பனியாறு இழுத்து வந்த குப்பை மேடும்தான் உங்கள் மாதிரிக் களஞ்சியம். எந்தச் சுவருக்கு நேர் கீழே எடுத்தீர்கள் என்று குறியுங்கள். பனியாற்றுக் கல் பல கிலோமீட்டர் பயணம் செய்திருக்கலாம், அதன் நடுக்கோட்டுக் கல் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று மேல்நோக்கித் தடம்பிடியுங்கள்.

கல்லின் வெளித்தோல் பொய் சொல்லும். இரும்புத் துரு ஏறிய சுண்ணாம்புக்கல் செம்மணற்கல்போல இருக்கும். சுத்தியலால் உடைத்துப் புது முகத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். ஒன்றோடொன்று பின்னிய படிகங்கள் தெரிந்தால் எரிமலைக் குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறியது. மணிகள் ஒட்டவைத்ததுபோல இருந்தால் படிவுப்பாறை. தாதுக்கள் வரி வரியாகப் பிரிந்திருந்தால் நைஸ். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டோலமைட் அப்படியே இருக்கும், கத்தியால் சுரண்டித் தூளாக்கி விட்டால் மெதுவாகப் பொங்கும். பளிங்குக்கல்லைக் குவார்ட்சைட்டிலிருந்து பிரிக்கக் கத்தி போதும்: பளிங்கில் கீறல் விழும், குவார்ட்சைட் கத்தியின் இரும்பைத்தான் தன்மேல் பூசிக்கொள்ளும். தேசியப் பூங்காக்களில் கல் எடுப்பது பெரும்பாலும் தடை, அங்கே அளவுகோல் வைத்துப் படம் எடுப்பதோடு நிறுத்துங்கள். பசால்ட், காப்ரோ போன்ற கரும்பாறைகள்மேல் திசைகாட்டியை வைக்காதீர்கள். உள்ளிருக்கும் மாக்னடைட் என்ற காந்தத் தாது முள்ளை இழுக்கும்.

பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை எட்ட இருந்தே கணக்கிடலாம். ஒரே அடுக்கை மூன்று இடத்தில் அடையாளம் காணுங்கள். இரண்டு முகடுகளில் 5,200 மீட்டரிலும், நடுப் பள்ளத்தாக்கில் 4,900 மீட்டரிலும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே உயரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடுதான் அடுக்கின் நீட்டம். மூன்றாவது புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 600 மீ. வருகிறது. 600 மீட்டருக்கு 300 மீ. இறக்கம், சாய்வு சுமார் 27 பாகை. மூன்று புள்ளிகளுக்கும் நடுவே பிளவுப்பெயர்ச்சி (பாறை உடைந்து ஒரு பக்கம் நகர்ந்த கோடு) ஒன்று ஓடினால் இந்தக் கணக்கு குப்பை, படத்தில் அடுக்கு எங்காவது திடீரென்று அறுந்து தள்ளி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெயர்

இனிமேல்தான் சிக்கல். மக்கள் பெயர் வைப்பது தாங்கள் புழங்கும் இடத்துக்கு: மேய்ச்சல் காடு, கணவாய், ஓடை. பனி மூடிய உச்சியில் யாருக்கும் வேலையில்லை, பல உச்சிகளுக்குப் பெயரே இருந்ததில்லை. வெளியாள் விரலை நீட்டி "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டால், விரலின் திசையில் உள்ள மேய்ச்சல் நிலத்தின் பெயரையோ வெறுமனே "பனிமலை" என்றோ பதில் வரும். அது வரைபடத்தில் சிகரப் பெயராக ஏறிவிடும்.

அதனால் உச்சி தெளிவாகத் தெரியும் இடத்தில் நின்று கேளுங்கள், படத்தைக் காட்டியும் கேளுங்கள். பெயர் வந்ததும் திருப்பிக் கேளுங்கள்: அந்தப் பெயர் உச்சிக்கா, மலை முழுதுக்குமா, அதன் அடிவாரத்துக்கா? மூன்று பேரிடமாவது தனித்தனியாக. மலையின் மறுபக்கப் பள்ளத்தாக்கிலும் கேளுங்கள், அங்கே மொழியே வேறாக இருக்கலாம். நேபாளத்தில் சாகர்மாதா, திபெத்தில் சோமோலுங்மா, இரண்டும் ஒரே மலைதான். சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அவர்கள் எழுத்து உண்டென்றால் அதிலேயே எழுதி வாங்குங்கள். பொருளை நீங்கள் ஊகிக்காமல் அவர்கள் வாயால் சொல்லவிடுங்கள். புனித மலையாக இருந்து பெயரைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

அளவைக் குறியீடு பெயராகிவிட்ட கதையும் உண்டு. 1856-இல் நில அளவையாளர் தாமஸ் மாண்ட்கோமரி காஷ்மீரின் ஹராமுக் மலையிலிருந்து காரகோரத்தைப் பார்த்து, காரகோரத்தின் முதலெழுத்தோடு எண் சேர்த்துக் கே1, கே2 என்று குறித்தார். கே1-க்கு மஷெர்ப்ரும் என்ற பெயர் கிடைத்ததும் குறியீடு மறைந்தது. கே2 கடைசிக் கிராமமான அஸ்கோலேயிலிருந்துகூடக் கண்ணில் படாது. ஊரார் வாயில் அதற்கு நிலைத்த பெயர் இல்லை, குறியீடே தங்கிவிட்டது. அடர்ந்த மலைத்தொடரில் பெயர் தேடும்போது, உச்சி எந்த ஊரிலிருந்து தெரிகிறது என்று உயரத் தரவில் பார்வைக்கோடு போட்டுப் பாருங்கள். தெரியாத மலைக்குப் பழம்பெயர் சொன்னால் சந்தேகியுங்கள்.

பழைய வரைபடங்களையும் தேடத் தவறாதீர்கள். எவரெஸ்ட் என்ற பெயரை ராயல் புவியியல் கழகம் ஏற்றது 1865-இல், காரணம் உள்ளூர்ப் பெயர் தெரியவில்லை என்பது. ஆனால் சோமோலுங்மாவின் ஒரு வடிவம் 1733-இல் பாரிஸில் வெளியான, பிரெஞ்சு வரைபடக்காரர் தான்வீலின் வரைபடத்திலேயே அச்சாகியிருந்தது.

அடுத்து, பெயரைப் பிரித்துப் பாருங்கள். பாதிப் பெயர் பெரும்பாலும் 'மலை' என்பதன் அந்த மொழிச் சொல்தான். திபெத்தியில் ரி மலை, கங் பனி, லா கணவாய், ட்சே முனை. துருக்கிய மொழிகளில் தாக், பாரசீகத்தில் கூ, அரபியில் ஜெபல், மலாயில் குனுங், ஜப்பானியத்தில் சான், யாமா, தாகே. கன்னடத்தில் பெட்டா என்றாலே மலை, தொட்டபெட்டா என்றால் பெரிய மலை. "தொட்டபெட்டா மலை" என்று எழுதினால் மலையை இரண்டு முறை சொல்கிறோம்.

அதிகாரபூர்வப் பெயரைத் தனியாகக் குறியுங்கள், எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று. அலாஸ்காவின் 6,190 மீ. சிகரத்துக்கு அமெரிக்க அரசின் பெயர் 1917 முதல் மெக்கின்லி, 2015 முதல் தெனாலி, 2025 முதல் மறுபடி மெக்கின்லி. அலாஸ்கா மாநிலத்துக்கோ 1975-இலிருந்து தெனாலிதான். அண்டார்க்டிக்காவில் ஒரே உச்சிக்கு இரண்டு நாடுகள் இரண்டு பெயர் வைத்திருக்கலாம், அண்டார்க்டிக் ஆய்வுக்கான பன்னாட்டு அறிவியல் குழுவான ஸ்காரின் கூட்டுப் பெயர்ப்பட்டியலில் இரண்டும் இருக்கும். நீங்களே பெயர் முன்மொழிவதானால் அந்த நாட்டின் விதியைப் படியுங்கள். அமெரிக்கப் புவியியல் பெயர் வாரியம், ஒருவர் இறந்து ஐந்தாண்டு ஆகாமல் அவர் பெயரை எந்த மலைக்கும் ஏற்காது. ஏறியவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துவிட்டு இறங்குவதற்கு எந்த மதிப்பும் இல்லை.

தமிழில் எழுதும்போது ரோமன் எழுத்தைப் பார்த்து உச்சரிக்காதீர்கள், மூல மொழியின் ஒலியைக் கேட்டு எழுதுங்கள். சீன முறை ரோமன் எழுத்தில் சோமோலுங்மாவின் முதல் எழுத்து 'க்யூ', அதைப் பார்த்துத்தான் "கோமோலங்மா" வருகிறது. அங்கே அந்த எழுத்தின் ஒலி ச. ஸ்பானியத்தில் இரட்டை 'எல்' என்றால் ய, ஆண்டீஸின் 6,739 மீ. எரிமலை யுயையாக்கோ, "லுல்லைலாக்கோ" அல்ல. பெருவின் வாஸ்கரானில் முதலில் வரும் 'எச்' ஊமை. ஐஸ்லாந்தில் 'ஜே' என்பது ய. (ஜார்ஜ் எவரெஸ்ட் தன் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரித்தார். அந்தப் போரில் உலகமே தோற்றாகிவிட்டது, அதை விட்டுவிடலாம்.)

எல்லாம் சேர்ந்த குறிப்பு இப்படி இருக்கும்:

ஆவோராக்கி / மவுன்ட் குக். தெற்கு 43.595, கிழக்கு 170.142 பாகை, நியூசிலாந்தின் தென் தீவு. உயரம் 3,724 மீ. (2014 அறிவிப்பு, 1991 பாறைச் சரிவுக்கு முன் 3,764). பாறை: கிரேவாக்கே எனும் கடினமான சாம்பல் மணற்கல், களிக்கல்லோடு மாறி மாறி. இரட்டைப் பெயர் 1998 சட்டப்படி. 'மேகத்தைத் துளைப்பது' என்று பொருள் சொல்வது பரவலான வழக்கு. தென் தீவின் மாவோரிக் குழுவான ங்காய் தாஹு மக்களுக்கு இது ஒரு மூதாதையின் பெயர். வடக்கத்தி மாவோரியில் இதே பெயர் ஆவோரங்கி, தெற்கு வழக்கில் 'ங்' ஒலி 'க்' ஆகும்.